அப்பாவாகும் உடல்

1966ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 109. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த பிரசவங்களின் எண்ணிக்கையில் அது உலகச் சாதனையாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த மருத்துவமனையை இன்றும் எல்லாரும் ‘கேகே’ என்றே சொல்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழர்களில் ஒரு தலைமுறையே அங்கேதான் கண் திறந்தது எனலாம்.

பிறந்த குழந்தைக்கு எடை பார்ப்பார்கள். தாய்க்கு இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், இரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தகப்பனின் உடம்பில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று அன்றைக்குப் பொதுவாக யாருக்கும் தோன்றவில்லை. அவர் வெளியே நிற்பார். செய்தி வரும், மிட்டாய் வாங்கிக் கொடுப்பார், பணம் கட்டுவார். பிள்ளைப்பேறு முழுக்க முழுக்கப் பெண்ணின் உடலில் நடப்பது, ஆணின் உடல் செய்யவேண்டியதைப் பத்து மாதத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டது என்பதே அறிவியலின் நினைப்பும் வீட்டாரின் நினைப்பும்.

அந்த நினைப்பு எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கும் கேகேயே சாட்சி. அதுவும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து 2009இல் ‘கஸ்டோ’ என்ற பெரிய ஆய்வைத் தொடங்கின. சீன, மலாய், இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்த 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களின் பிள்ளைகளைக் கருவிலிருந்தே பின்தொடரும் அருமையான ஆய்வு அது. அதற்குள் நுழையும் வாசல் தாய்தான்.

அதே 2009இல் பிலிப்பைன்ஸின் செபு நகரில் வேறொரு குழு சில நூறு இளைஞர்களிடம் சிறு குழாய்களைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் ஒரு முறை, இரவு படுக்கப்போகும் முன் ஒரு முறை, எச்சிலைச் சேகரித்துக் கொடுக்கச் சொன்னது. டெஸ்டோஸ்டிரோனை அளப்பதற்கு எச்சில் போதும். விந்தகத்தின் லேடிக் செல்கள் சுரக்கும் இந்தப் பொருள்தான் குரலைத் தடிக்கவைக்கிறது, தசையை வளர்க்கிறது, மீசையை முளைக்கவைக்கிறது. ஆண்மை என்று ஊரார் நினைப்பதெல்லாம் இதற்குள் இருப்பதாகவே பலரும் நம்புகிறார்கள். காலையில் மிகுந்தும் இரவில் குறைந்தும் இருப்பது இதன் இயல்பு. அதனால்தான் இரண்டு வேளை எச்சில்.

அந்த இளைஞர்களை 2005இலும் அளந்திருந்தார்கள். அப்போது அவர்களுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. நான்கரை ஆண்டு இடைவெளியில் சிலர் மணம் முடித்து அப்பாவாகியிருந்தார்கள், சிலர் தனியாகவே இருந்தார்கள். லீ கெட்லர், கிறிஸ்டோபர் குசாவா முதலானோர் 624 பேரின் அளவுகளை ஒப்பிட்டு 2011இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு தனியாக இருந்து, பிறகு துணையும் பிள்ளையும் பெற்றவர்களுக்குக் காலை அளவு 26 சதவீதமும் இரவு அளவு 34 சதவீதமும் இறங்கியிருந்தன. தனியாகவே இருந்தவர்களுக்கு இறக்கம் 12, 14 சதவீதம்தான். அது வயதோடு வருவது. கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு மாதம் நிறையாத அப்பாக்களிடம் இறக்கம் மிகக் கூடுதலாக இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களின் அளவு, பிள்ளைப் பக்கமே போகாத அப்பாக்களின் அளவைவிடக் குறைவு.

செய்தி வெளியானபோது பலரும் அதைத் தப்பாகப் படித்தார்கள். பிள்ளை பெற்றால் ஆண்மை குறையும் என்று ஒரு வரியில் சுருக்கிவிட்டார்கள். ஆய்வின் இன்னொரு பாதியைப் பலர் கவனிக்கவில்லை: 2005இல் யாருக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்ததோ, அவர்களே நான்கரை ஆண்டுக்குள் அப்பாவாகும் வாய்ப்பு கூடியிருந்தது. துணை தேடும் பருவத்தில் ஏறியது, கைக்குழந்தை வந்ததும் இறங்குகிறது. இதை நோய் என்று சொல்வது அறியாமை. தாயின் மார்பில் பால் ஊறுவதை நாம் நோய் என்று சொல்வதில்லையே.

இதற்கு முன்னோடி பறவைகள். ஜான் விங்ஃபீல்டும் அவருடைய தோழர்களும் 1990இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். இடம் பிடிக்கவும் போட்டியிடவும் வேண்டிய நேரத்தில் ஆண் பறவையின் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், குஞ்சுக்கு இரை கொண்டுவர வேண்டிய நேரத்தில் இறங்கும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் ஜுன்கோ என்ற சிட்டுக்குருவி அளவுள்ள பறவைகளின் தோலுக்கடியில் டெஸ்டோஸ்டிரோனை வைத்து, இறங்கவேண்டிய நேரத்திலும் இறங்காமல் செய்து பார்த்தார்கள். அந்த ஆண் பறவைகள் அதிகம் பாடின, அதிக தூரம் சுற்றின, குஞ்சுகளுக்குக் குறைவாக ஊட்டின. உடம்பு ஒரே சமயத்தில் இரண்டு வேலைக்கும் முழுசாக நிற்காது.

சிங்கப்பூரிலேயே பார்க்கவேண்டும் என்றால் சாங்கியிலிருந்து படகேறிப் புலாவ் உபினுக்குப் போகலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் காணாமல் போயிருந்த இருவாச்சி 1994இல் அங்கே திரும்பி வந்தது. வால்பாறை மலைக்காட்டில் நம்மவர்கள் பார்க்கும் பெரிய இருவாச்சிக்குத் தம்பி முறை. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் பிளவு விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கும் மேல் வெளியே வராது. அத்தனை நாளும் அத்திப்பழமும் பூச்சியும் பல்லியும் ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் உண்டு. ஒரு காலைப்பொழுது அந்த மரத்தடியில் நின்று அது எத்தனை முறை வந்து வந்து போகிறது என்று பார்த்தவர்கள், தகப்பன் என்பவன் சம்பளம் கொண்டுவருபவன் என்ற எண்ணம் மனிதரோடு பிறந்ததல்ல என்று ஒப்புக்கொள்வார்கள். தென்தீவுகளின் கடலடியில் வயிற்றுப்பையில் முட்டைகளைச் சுமக்கும் ஆண் கடற்குதிரை இன்னொரு வகை. ஆனால் நாம் சேர்ந்த பாலூட்டி இனத்தில் தகப்பன்கள் பொதுவாக ஒதுங்கியே போகிறார்கள். குட்டியை வளர்ப்பதில் ஆண் நேரடியாகப் பங்கெடுக்கும் இனங்கள் நூற்றில் பத்துக்கும் குறைவு. காலாங் ஆற்றில் குடும்பமாக நீந்தும் நீர்நாய்கள் அந்தச் சிறுபான்மை. மனிதரும் அதில்தான்.

மனித ஆணின் உடம்பில் மாற்றத்தைக் கொண்டுவருவது எது? பிள்ளை பிறந்துவிட்டது என்ற செய்தியா, பிள்ளையோடு இருப்பதா? இந்தக் கேள்விக்கு மிக அழகான விடை தான்சானியாவிலிருந்து வந்தது. அங்கே ஹட்சா மக்களும் டடோகா மக்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். ஹட்சா ஆண்கள் வேட்டைக்குப் போவார்கள், திரும்பி வந்தால் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பார்கள், பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொள்வார்கள். டடோகா ஆண்கள் மாடு மேய்ப்பவர்கள், போர்க்குணம் போற்றுபவர்கள். கைக்குழந்தை பெண்களின் பொறுப்பு. மார்ட்டின் முல்லரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஹட்சா அப்பாக்களுக்குப் பிள்ளையில்லாத ஹட்சா ஆண்களைவிட டெஸ்டோஸ்டிரோன் குறைவு. டடோகாவில் அப்பாவுக்கும் அப்பா ஆகாதவருக்கும் வேறுபாடே இல்லை. இரு தரப்பிலும் பிள்ளை பிறந்தது. ஒரு தரப்பில்தான் தூக்கினார்கள்.

சாரி வான் ஆண்டர்ஸ் 2012இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் நுட்பமானது. அழுமாறு அமைத்த பொம்மைக் குழந்தையை ஆண்களிடம் கொடுத்தார். சிலரால் அதைத் தேற்றி அழுகையை நிறுத்த முடிந்தது; அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. சிலர் எதுவும் செய்ய வழியில்லாமல் அழுகையைக் கேட்கத்தான் முடிந்தது, அவர்களுக்கு ஏறியது. அழுகை ஒன்றுதான். கைக்கு வேலை இருந்ததா இல்லையா என்பதே உடம்பின் திசையைத் தீர்மானித்தது. இந்த ஒரு முடிவை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசும்போது அது மறுபடியும் வரும்.

மூளைக்கும் இதே கதைதான். இஸ்ரேலின் ரூத் ஃபெல்ட்மன் பல்லாண்டுகளாகப் பெற்றோரின் மூளையையும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனையும் ஆராய்கிறவர். அவருடைய குழு 2014இல் 89 பேரின் மூளையைப் படம் பிடித்தது. முதன்மையாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தாய்மார், அவர்களுக்கு உதவிய கணவர்கள், பெண் துணை இல்லாமல் இரு ஆண்களாகச் சேர்ந்து பிள்ளை வளர்த்தவர்கள் என்று மூன்று தரப்பு. தாம் பிள்ளையோடு இருக்கும் காணொளியைப் பார்க்கும்போது தாய்மாருக்கு அமிக்டலா என்ற பகுதி பலமாக விழித்தது. ஆபத்தை முகர்ந்து எச்சரிக்கும் பகுதி அது. உதவிக்கு இருந்த கணவர்களிடம் அவ்வளவு இல்லை. அடுத்தவர் மனத்தை ஊகிக்கும் புறணிப் பகுதிகளே அவர்களிடம் அதிகம் வேலை செய்தன. தாமே முழுப்பொறுப்பும் ஏற்ற ஆண்களிடம் இரண்டும் விழித்திருந்தன. பிள்ளையோடு செலவழித்த நேரம் கூடக் கூட, ஆண்களின் மூளையில் இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு வலுத்திருந்தது. கருவுறாத, பிரசவிக்காத, பால் கொடுக்காத மூளையும் தாய்மூளையின் வழியில் போகக்கூடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

ஃபெல்ட்மனின் இன்னொரு பரிசோதனையில் அப்பாக்களின் மூக்கில் ஆக்ஸிடோசினைத் தெளித்து, ஐந்து மாதக் குழந்தையோடு விளையாடவிட்டார்கள். அப்பா குழந்தையை அதிகம் தொட்டார், குழந்தையும் அப்பாவை அதிகம் பார்த்தது. பிறகு குழந்தையின் எச்சிலை எடுத்துப் பார்த்தால் அதிலும் ஆக்ஸிடோசின் ஏறியிருந்தது. மருந்து அப்பாவின் மூக்கில், மாற்றம் பிள்ளையின் வாயில். எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. செபு இளைஞர்களின் எச்சிலில் நடந்தது அதுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் பிள்ளை உபதேசிக்கத் தகப்பன் பணிந்து கேட்டதாகச் சொல்லும் கதையை வைத்து முருகனைத் தகப்பன்சாமி என்று கும்பிடுகிற மரபினருக்கு, பிள்ளை தகப்பனை உருவாக்கும் என்பது அந்நியமான செய்தியாக இருக்க முடியாது.

ஆனாலும் ஆண்மையைப் பற்றிய நம் பேச்சில் இந்தக் கதைக்கு இடம் குறைவு. சிங்கப்பூரில் பையன் ஆணாகும் இடம் எது என்று கேட்டால் ராணுவப் பயிற்சி முகாம் உள்ள புலாவ் தெக்கோங் தீவு என்பார்கள். 1967இல் கொண்டுவந்த சட்டப்படி பதினெட்டு வயதில் தேசிய சேவை. பெற்றோர் படகில் கூடவே போய், முகாமில் பிள்ளையோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். தலை மழித்து, உடம்பு இறுகி, வெயிலில் கறுத்துப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது பாட்டி சொல்வார்: “ஆம்பளையாயிட்டாண்டா என் பேரன்.” அந்தப் பெருமிதத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்னஞ்சிறு நாடு, காக்க ஆள் வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரனுக்காகத் தன் சுகத்தை விடப் பழகுவது பின்னால் நள்ளிரவில் எழுந்து பால் கலக்கும் தகப்பனுக்கும் உதவும். ஆனால் தெக்கோங்கில் தேறுவதோடு ஆண்மை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

ஜோசஃப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் பாசன் முதலானோர் 2008இல் ஓர் ஆய்வுத்தொடரில் காட்டியது இது: பெண்மை தானாக வந்து தங்கிவிடுவது என்றும், ஆண்மை போராடிப் பெறவேண்டியது, பெற்ற பிறகும் பறிபோகக் கூடியது என்றும் மக்கள் நினைக்கிறார்கள். பறிபோகும் என்று பயப்படுகிறவன் எப்போதும் நிரூபித்துக்கொண்டே இருப்பான். குழந்தைத் துணியை அலசுவதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வீவக அடுக்குமாடி வீட்டின் ஜன்னலைச் சாத்துவான்.

நம் மரபில் இந்தப் பயத்துக்கு மாற்று இல்லாமல் இல்லை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் தந்தையின் கடமை மகனைச் சான்றோன் ஆக்குவது. வேல் வடித்துக் கொடுப்பவன் கொல்லன். போர்க்களத்துக்கு ஆள் தயாரிக்கும் அந்தப் பாட்டைத்தான் மேடைகளில் அதிகம் சொல்கிறார்கள். அதே தொகுப்பின் 188ஆம் பாட்டு பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. செல்வமெல்லாம் படைத்த அரசன், குறுகுறுவென்று நடந்து வந்து நெய்ச்சோற்றில் கைவிட்டு மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பற்றிப் பாடுகிறான். அப்படியொரு குழந்தை இல்லாதவருக்கு வாழ்ந்த பயனே இல்லை என்கிறான். அரசன் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நமக்கு இன்று அதிகம் வேண்டியது இந்தப் பாட்டு.

சிங்கப்பூர் அரசும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வருகிறது. தந்தையர் விடுப்பு 2013இல் ஒரு வாரமாகத் தொடங்கியது, 2017இல் இரண்டு வாரமானது, 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரம் கட்டாயமானது. கருவள விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கிய நாட்டில் இது பிள்ளைப்பேற்றை ஊக்குவிக்கும் ஏற்பாடாகவே பேசப்படுகிறது. செபு ஆய்வைப் படித்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். பிறந்த கையோடு எடுத்தால் அந்த நான்கு வாரமும், அப்பாவின் உடம்பு அதிகம் மாறும் முதல் மாதமும் ஒன்றே.

அந்த மாதங்களில் எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஜேம்ஸ் பால்சனும் ஷார்னைல் பேஸ்மோரும் 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமான காலத்தில் பத்தில் ஒரு தகப்பனுக்கு மனச்சோர்வு வருகிறது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது மிகக் கூடுதல். மனைவிக்கு மனச்சோர்வு இருந்தால் கணவனுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். நம் ஆண்கள் இதை மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள். தூக்கமில்லை என்பார்கள், வேலையில் பிடிப்பில்லை என்பார்கள், சிடுசிடுப்பார்கள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பாவிடம் தாதி “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவே இல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை. மாலையில் ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலிலும் சிராங்கூன் சாலையின் சந்துகளிலும் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, திருவாரூர்ப் பக்கத்து ஆண்கள் கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். திரையில் ஒரு குழந்தை. “அப்பாவுக்கு முத்தம் குடு தங்கம்” என்று பின்னாலிருந்து தாயின் குரல். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் பணிபுரியும் இவர்களிடம் இருப்பது வேலை பெர்மிட். அதை வைத்துக்கொண்டு மனைவி மக்களை இங்கே வாழ அழைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தைக் கூட்டிவர எஸ் பாஸோ எம்ப்ளாய்மென்ட் பாஸோ வேண்டும், மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். தந்தையர் விடுப்புக்கும் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவேண்டும்.

இது இன்று தொடங்கியதல்ல. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண்ணே இருந்தார். இந்தச் சாலைகளை முதலில் நிறைத்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த அப்பாக்களும், இன்னும் அப்பாவாகாதவர்களும். அன்று கடிதமும் பணமும் போயின. இன்று முகமும் போகிறது, குரலும் போகிறது.

தொடுதல் போவதில்லை. திரையில் குழந்தை அழுகிறது. தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க வழியில்லை. வான் ஆண்டர்ஸின் பரிசோதனையில் அழுகையை வெறுமனே கேட்ட ஆண்களின் இடத்தில்தான் இந்த மனிதர் நிற்கிறார். அவர்கள் நின்றது சில நிமிடம். இவர் நிற்பது ஆண்டுக்கணக்கில். ஆய்வுக்கூடத்து முடிவை அப்படியே ஒரு மனிதரின் வாழ்க்கைமீது ஏற்றிவைக்கக் கூடாது என்பது தெரியும். இருந்தாலும், அழைப்பு முடிந்த பிறகு திடலின் ஓரத்தில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, இவருக்குப் பாசம் பழகிப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இவர்கள் அனுப்பும் பணத்தைக் குறைத்துப் பேசுபவன் நானில்லை. இருவாச்சி பொந்துக்குள் தள்ளும் அத்திப்பழமும் தகப்பன் வேலைதான். ஆனால் இருவாச்சி ஒவ்வொரு முறையும் அந்தப் பிளவில் அலகோடு அலகு தொட்டு ஊட்டுகிறது.

பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது முதன்முதலாக ஊருக்கு வரும் அப்பாக்கள் உண்டு. கைபேசியில் தினமும் பார்த்த முகம்தான், ஆனாலும் பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். அந்த நிமிடம் அவர்கள் நெஞ்சில் அறைவது போலிருக்கும். அறிவியல் அவர்களுக்குச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறது. ஃபெல்ட்மனின் 2014 ஆய்வில் மூளையின் இணைப்பு வலுத்தது பிள்ளையோடு கழித்த நேரத்தைப் பொறுத்து. பிரசவ அறையில் இருந்தவருக்கு மட்டும் என்று எழுதிவைத்த உரிமை அல்ல அது. ஊரில் இருக்கும் அந்தச் சில வாரத்தில் பொம்மையும் சாக்லெட்டும் கொடுத்துவிட்டு நண்பர்களோடு போய்விடாமல், குளிப்பாட்டுவதும் சோறு பிசைந்து ஊட்டுவதும் தூங்கவைப்பதும் தன் வேலை என்று அவர் வாங்கிக்கொள்ளட்டும். மாமியாரும் மனைவியும் “நீங்க விடுங்க, ஆம்பளைக்கு எதுக்கு” என்று பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கட்டும்.

மற்றதெல்லாம் முதலாளிகளின் கையில். மனைவிக்குப் பிரசவ நாள் இன்னது என்று தொழிலாளி ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். வேலை அட்டவணையில் அந்த மாதத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.